உலக சமயங்கள் தாளை இரண்டாவது முறை எழுதியபோது

தொலைதூரக் கல்வியில் முதுகலை சேர்ந்தபோது, 'உலக சமயங்கள் அறிமுகம்' தாள்தான் இருப்பதிலேயே சுலபம் என்று நினைத்தேன். எனக்குத் தங்கச்சிமடம். பஸ் ஏறினால் ராமேசுவரம் கோயில், பாலம் தாண்டிப் போனால் ஏர்வாடி தர்கா, இன்னும் வடக்கே போனால் ஓரியூர் தேவாலயம். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவளுக்குப் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அந்த ஒரு தாளில்தான் அரியர் விழுந்தது. அடுத்த முறை நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். நடுவில் நான் மாற்றிக்கொண்டதை, இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மறுபடி எழுத உட்கார்ந்தபோது இஸ்லாம் பற்றிய என் பயிற்சி விடையைப் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் (முஸ்லிம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுத்தேன். அவர் மீன் அரிந்த கையைக் கழுவிவிட்டு வந்து, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "ஏர்வாடியில் அடங்கியிருக்கும் சுல்தான் சையிது இப்ராகிம் ஷகீதை முஸ்லிம்கள் வணங்குகிறார்கள்" என்ற வரியில் நிறுத்தினார்.

"வணக்கம் அல்லாஹ் ஒருத்தனுக்குத்தாம்மா. அங்க போயி சியாரத் பண்ணுவோம், அவுலியா பொருட்டால துஆ கேப்போம். நீ எழுதுனத எங்க அத்தா பாத்தா வருத்தப்படுவாக."

சியாரத் என்றால் அடக்கத்தலத்துக்குப் போய்வருவது, அவுலியா என்றால் இறைநேசர், துஆ என்றால் பிரார்த்தனை. நான் பிழையாக எழுதியது ஒரே ஒரு வினைச்சொல்தான். ஆனால் அந்தச் சொல், ஒரு சமூகத்தின் அடிப்படைக் கொள்கையையே தலைகீழாகச் சொல்லிவிட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: தர்காவுக்குப் போவதையே ஏற்காத முஸ்லிம்களும் அவர் சொந்தத்தில் உண்டு. இதையும் விடையில் எழுத வேண்டும். ஒரு சமயத்துக்குள் ஒரே குரல்தான் இருக்கிறது என்பது போல எழுதினால் அந்த விடை பாதிதான்.

வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் என்ற கனடா அறிஞர் 1959-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு சமயத்தைப் பற்றி நாம் சொல்வதை அந்தச் சமயத்தார் 'ஆமாம், இது நாங்கள்தான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. பாடத்தில் இது இரண்டு வரியாக வரும், மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நகராதீர்கள். எழுதிய விடையை அந்தச் சமயத்தார் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நம் கடற்கரையில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது நினியன் ஸ்மார்ட் என்ற சமயவியல் அறிஞர். ஒரு சமயத்தை எந்தெந்தப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று அவர் வகுத்துச் சொன்னார். சடங்கு, அனுபவம், கதை, கோட்பாடு, அறம், சமூக அமைப்பு, பொருள் வடிவம் என்று ஏழு பரிமாணங்கள். ஏழையும் ஒரே இடத்தில் பொருத்திப் பார்த்தால் மறக்காது. நான் ராமேசுவரத்தை எடுத்துக்கொண்டேன். அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்த ஈரத்தோடு உள்ளே போய் 22 தீர்த்தங்களில் நீராடுவது சடங்கு. கிணற்று விளிம்பில் நின்று ஒருவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றும்போது வடநாட்டுப் பாட்டி ஒருவர் கண்ணை மூடி நடுங்கிக்கொண்டே நின்றாரே, அது அனுபவம். ராமர் இங்கே லிங்கம் வைத்து வழிபட்டார் என்பது கதை. நீண்ட மூன்றாம் பிரகாரம் பொருள் வடிவம். மீதி மூன்றை நீங்களே நிரப்பிப் பாருங்கள்.

பெரும்பாலோர் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவது பழங்குடிச் சமயங்கள் பாடத்தில்தான். நானும் விட்டேன். மானிடவியலாளர் எட்வர்டு டைலர் 1871-இல் சொன்ன 'ஆவியுயிர்க் கோட்பாடு' (ஆவிகள் உண்டு என்ற நம்பிக்கையே சமயத்தின் தொடக்கம் என்பது) என்பதை வரையறையாக எழுதி முடித்துவிட்டேன். டைலர் ஒரு ஏணி போட்டார். கீழ்ப்படியில் ஆவி நம்பிக்கை, அதற்கு மேல் பல தெய்வம், உச்சியில் ஒரே தெய்வம். இன்று வாழும் மக்களைப் பழைய காலத்து மிச்சமாகப் பார்க்கும் ஏணி அது. அதைக் கருத்தியல் வரலாறாக எழுதுங்கள், உண்மையாக எழுதாதீர்கள். 'பழங்குடிச் சமயம்' என்று ஒருமையில் எழுதாமல் 'சமயங்கள்' என்றே எழுதுங்கள். நிலம், முன்னோர், வாய்வழிக் கதை, தினசரிப் பழக்கம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைச் சான்றோடு காட்டுங்கள்.

சான்றுக்கு நான் வைத்துக்கொண்டது இரண்டு. ஒன்று ஒடிசாவின் நியமகிரி. டோங்ரியா கோந்து மக்களுக்கு அந்த மலை நியமராஜாவின் இருப்பிடம். அங்கே பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைத் தோண்டலாமா என்ற வழக்கில், மக்களின் சமய உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதைக் கிராம சபைகளே பார்க்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18-இல் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை. ஏற வேண்டாம் என்று அனங்கு மக்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்ட பிறகு, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நிறுத்தப்பட்டது. இரண்டிலும் நிலம் வெறும் இடமில்லை, அதுவே வேதம் போல. இந்த ஒப்பீட்டை நீங்கள் எழுதலாம், ஆனால் 'போல' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. என் அம்மா கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டுவதற்கு முன் கடல் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், அப்புறம் சிலுவை போடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்க ஆத்தா செஞ்சா, நானும் செய்றேன்" என்றார். முதல் முறை இதைப் 'பழங்குடிச் சமய எச்சம்' என்று விடையில் எழுதியிருந்தேன். அம்மா தன்னைக் கத்தோலிக்கர் என்கிறார். அவருக்கு வேறு பெயர் வைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. செய்ததை மட்டும் எழுதுங்கள், முத்திரை குத்தாதீர்கள்.

சமய உரையாடல் பாடத்தில் 1893 சிகாகோ உலக சமய மாநாடு கட்டாயம் வரும். விவேகானந்தர் அங்கே போக ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தந்த ஆதரவையும், விவேகானந்தர் திரும்பி வந்து 1897 ஜனவரி 26-இல் பாம்பனில் இறங்கியதையும் சேர்த்தால் விடைக்கு உயிர் வரும். அதோடு, அந்த மேடையில் பழங்குடிச் சமயங்களுக்குத் தம் சார்பில் பேச இடம் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்கள் பற்றி 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட அறிக்கையையும், வாழ்க்கை, செயல், இறையியல், ஆன்மிக அனுபவம் என்ற நான்கு வகை உரையாடலையும் ஒரு மாலையில் படித்துவிடலாம்.

'எங்கள் ஊரில் எல்லோரும் ஒற்றுமை' என்று மட்டும் எழுதினால் போதாது. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-இல் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்டதும் இந்தச் சீமையில்தான். ராமேசுவரத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் அப்துல் கலாமை, குல்லா போட்டவன் என்று புது ஆசிரியர் கடைசி வரிசைக்கு மாற்றினார். கோயில் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் மனதில் நஞ்சை விதைக்காதே என்று கண்டித்தார். கலாமே 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். வாழ்க்கை உரையாடல் என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் இதில் ஒருவர் தன் தரப்பு ஆளிடமே பேசுகிறார்.

திருத்தி எழுதிய விடையை மறுபடி ராத்தாவிடம் கொண்டுபோனேன். இந்த முறை முழுதும் படித்தார். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு இந்துக்களும் வருவார்களே, அதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார். ஓரத்தில் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.