வன்னிக்குக் கேம்பர் வானில் போகப் போகிறவர்களுக்கு

ஒரு சோளகக் காலத்து விடுமுறையை மனைவி பிள்ளைகளோடு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வானில் வன்னியில் கழித்தோம். பிறந்து வளர்ந்த மண்தான். ஆனால் கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் பிரிட்டிஷ் லைசன்ஸும். இலங்கைச் சட்டத்துக்கு நாங்கள் வெளிநாட்டுக்காரர். இதனால் என்னென்ன காகிதம் தேவை என்பதை வான் வாடகைக்குத் தந்த நிறுவனம் ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விசா, டிக்கெட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. லைசன்ஸில்தான் இடறியது. பிரிட்டனில் இருந்து போகிறவர் இலங்கையில் ஓட்ட 1949ஆம் ஆண்டு வகை சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரிட்டனில் பேபொயின்ற் கடைகளில் 5.50 பவுண், ஒரு வருடம் செல்லும். 1968 என்று போட்ட புத்தகத்தை நீட்டினால் வாங்காதீர்கள், அது வேறு நாடுகளுக்கானது. 1949 புத்தகத்தை மட்டும் எடுத்தாலும் போதாது. கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் அங்கீகார அனுமதி ஒன்றும் எடுக்க வேண்டும். நான் நிறுவனத்திடம் வட்ஸ்அப்பில் தெளிவாகவே கேட்டிருந்தேன். சர்வதேச லைசன்ஸ் மட்டும் போதும், வேறொன்றும் தேவையில்லை என்று பதில் வந்தது.

நீர்கொழும்புப் பக்கம் வானை எடுக்கப் போனால், அதே நிறுவனத்தின் ஆள் அங்கீகார அனுமதி எங்கே என்கிறார். அது இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் செல்லாதாம், திறப்பைத் தரமாட்டாராம். அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அது முடியச் சனி, ஞாயிறு, அசோசியேஷன் அலுவலகமே பூட்டு. வான் முற்றத்தில் நிற்க, பிள்ளைகள் ஹோட்டல் அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். திங்கட்கிழமை கொழும்புக்குப் போனேன், அனுமதி மதியத்துக்குள் கைக்கு வந்துவிட்டது. இவ்வளவு சுலபமான வேலையை முதலே சொல்லியிருந்தால் அத்தனை நாளும் வீணாகியிராது.

2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிக லைசன்ஸ் கொடுக்கும் கவுண்டரைத் திறந்தார்கள். நாங்கள் போனது அதற்கு முதல். இனிப் போகிறவர்கள் இறங்கிய கையோடு அங்கே விசாரியுங்கள். வானின் மொத்த எடையையும் பாருங்கள். பிரிட்டிஷ் பி வகை லைசன்ஸுக்கு 3,500 கிலோதான் எல்லை.

ஏ9 வீதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல றோட்டு. வவுனியா தாண்டி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று நிம்மதியாகப் போகலாம்.

வன்னிக்குள் முதலில் படுத்திய பாடு கரண்ட். வானோடு வந்த வயரில் நீல நிற வட்டப் பிளக். அங்கே எந்த வீட்டுச் சுவரிலும் அது ஏறாது. கிளிநொச்சியில் ஒரு மின் வேலைக்காரத் தம்பி அரை மணித்தியாலத்தில் 13 அம்பியர் பிளக் பொருத்திய வயர் செய்து தந்தார். அப்புறமும் வானின் ஏசியைப் போட்டதும் புதுக்குடியிருப்பில் மாமி வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அதோடு ஏசியை மறந்தோம். சோளகம் வீசும் பக்கத்துக்கு வானின் பெரிய யன்னல் வரும்படி திருப்பி நிறுத்தினோம், பின்கதவுக்கு நுளம்பு வலை கட்டினோம். பிள்ளைகள் விடியும்வரை அசையாமல் தூங்கினார்கள். அந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். வன்னியில் பல இடங்களில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு வானின் பம்பு வடியையும் ஷவரையும் அடைத்துவிடும். எங்களுக்கு அடைத்தது. விநாகிரி ஊற்றி ஊறவைத்துத்தான் மீட்டோம். குளிக்கக் கிணற்றடிக்கே போங்கள், அதைவிடச் சுகம் வேறில்லை. குடிக்க, சமைக்க ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்குங்கள்.

யாரும் சொல்லித்தராத விஷயம் கழிப்பறைக் கசெற், அதாவது வான் கழிப்பறைக் கழிவு சேரும், கழற்றிக் கொட்டுகிற பெட்டி. ஐரோப்பாவில் இருப்பதுபோல அதைக் கொட்ட இடமெதுவும் வன்னியில் நான் காணவில்லை. ஆட்கள் வீட்டு மலக்குழியில்தான் கொட்ட வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஊற்ற நிறுவனம் தந்ததோ நீல மருந்து. அதில் ஃபோர்மல்டிஹைட் இருந்தால் குழிக்குள் மலத்தை உக்கவைக்கிற பக்டீரியாவைக் கொன்றுவிடும். கிணற்றை நம்பி வாழ்கிற வளவில் அதை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. போத்தலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். மலக்குழிக்குக் கேடு செய்யாத பச்சை மருந்தை லண்டனிலேயே வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள்.

இரவில் எங்கே நிற்பது? மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டு றோட்டோரங்களில் நிறுத்தவே வேண்டாம், யானை வரும். முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் றோட்டை விட்டு ஒரு அடி இறங்காதீர்கள், ஒதுங்குவதற்குக்கூட. கண்ணிவெடி முழுதாக எடுத்து முடியவில்லை. குளக்கட்டு ஒன்றில் நின்றபோது சிவில் உடையில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் யார், எங்கிருந்து என்று துருவித் துருவிக் கேட்டு, வான் நம்பரையும் எழுதிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பொழுதுபட முன்னரே கோயில் நிர்வாகத்தையோ கிராம சேவகரையோ கண்டு கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினோம். ஊரில் ஒருவர் 'எங்கட ஆக்கள்தான்' என்று சொல்ல இருந்தால் போதும், யாரும் தொந்தரவு செய்வதில்லை. மடுவில் தேவாலய அலுவலகத்தில் கேட்டோம், மரநிழலில் இடம் காட்டினார்கள். ஆகஸ்ட் 15 திருவிழாவை ஒட்டிப் போனால் கூடாரம் அடித்த சனத்தால் அந்த இடமே நிறைந்திருக்கும், வானை நுழைப்பது கஷ்டம்.

புதுக்குடியிருப்பில் மாமிக்குத்தான் மனம் நொந்துபோனது.

"வீடு வாசல் இருக்க ஏன் தம்பி வானுக்குள்ள படுக்கிறியள்? சனம் என்னை என்ன சொல்லும்?"

"பிள்ளையளுக்கு ஆசை மாமி. உங்கட வளவுக்குள்ளதானே நிக்கிறம்."

சாப்பாடு மூன்று நேரமும் அவவின் குசினியில் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் சமாதானமானா. உறவுகள் இருக்கிற ஊருக்கு வானில் போகிறவர்கள் இதைப் போனிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். வாசலில் போய் நின்று சொன்னால் அவர்களுக்கு அது அவமானமாகப் படுகிறது.

பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் வட்டுவாகல் பாலம் வரும். நந்திக்கடல் கடலோடு சேரும் இடத்தில், தண்ணீரை ஒட்டிப் பதிந்து கிடக்கும் பழைய பாலம். எதிரே வாகனம் வந்தால் ஒதுங்க இடமில்லை. நாங்கள் பாதிக்கு மேல் போன பிறகு எதிர்ப்பக்கம் ஒரு டிரக்டர் ஏறிவிட்டது. என் மனைவி இறங்கிப் போய் அந்த ஐயாவிடம் கேட்க, அவர் முகம் சுளிக்காமல் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார். புதுப் பாலத்துக்கு 2025இல் அடிக்கல் வைத்திருக்கிறார்கள். அது முடியும்வரை எதிர்க்கரை வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தே ஏறுங்கள். முள்ளிவாய்க்காலில் வானை ஓரம் கட்டி இறங்கி நின்றோம். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அதைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

வானைத் திருப்பிக் கொடுக்கும்போது, வாடகை முதல் நாளில் இருந்தே கணக்கு என்று நிறுவனம் நின்றது. வட்ஸ்அப்பில் அவர்கள் எழுதிய பதிலை எடுத்து மேசையில் வைத்தேன். மேலாளர் வந்தார், வாசித்தார், வான் பூட்டிக் கிடந்த நாட்களின் வாடகையைக் கழித்துத் தந்தார். ஹோட்டல் செலவை மட்டும் தரவே இல்லை. நிறுவனத்திடம் எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், வந்த பதிலை அழிக்காதீர்கள்.