டாலியின் பின்பக்கம்

பழைய வாகன நிறுத்தக் கட்டடம் ஒன்றில், பீம்களின் அடியில் கார்பன் ஃபைபர் துணியை எபாக்ஸியால் ஒட்டி வலுப்படுத்தும் வேலை. ஒட்டு கான்கிரீட்டைச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துச் சோதித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு. ஏஎஸ்டிஎம் டி7522 என்ற அமெரிக்கத் தரநிலை முறை. படிக்க எளிது, சாரத்தில் ஏறி, தலைக்கு மேலே செய்வது வேறு கதை.

துணியைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் 6 முதல் 12 மி.மீ. வரை வட்டமாக வெட்ட வேண்டும். வெட்டாமல் இழுத்தால் சுற்றியுள்ள துணியும் தாங்கிக்கொள்ளும், எண் பொய் சொல்லும். வட்டமாக வெட்டும் கோர் பிட்டோ வழுவழுப்பான எபாக்ஸியில் நிற்காமல் ஓடியது. துளையிட்ட பிளைவுட் பலகையை இறுக்கி வைத்து, அதற்குள் பிட்டை விட்ட பிறகுதான் அடங்கியது. வெட்டிய வட்டத்தைத் துடைத்துக் காயவைத்து, 50 மி.மீ. டாலியை, அதாவது கருவி பிடித்து இழுக்கும் உலோக வட்டை, ஒட்டினோம். பசை இறுகும்வரை அது நழுவி விழாமலிருக்க டேப் வேறு.

அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டியான ஏசிஐ 440.2ஆர் கேட்பது குறைந்தது 1.4 மெகாபாஸ்கல். இந்த வட்டத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 280 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். கூடவே, உடைவது கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

முதல் டாலி சீக்கிரமே கழன்றது. பின்பக்கம் வெறும் பசைதான். டாலியின் ஒட்டுதான் விட்டிருக்கிறது, துணி அப்படியே இருந்தது. அந்த முடிவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்தது 2.6 மெகாபாஸ்கல். டாலியோடு ஜல்லியும் மணலுமாக ஒரு கான்கிரீட் வில்லை வந்தது. இப்படித்தான் வர வேண்டும். அடுத்த பீமில் 1.7. ஒப்பந்ததாரர் தரப்பு ஆள் "பாஸ் சார்" என்று எழுதவே தொடங்கிவிட்டார். திருப்பிப் பார்த்தால் எபாக்ஸி பளபளவென்று வழித்தெடுத்த மாதிரி இருக்கிறது, அதன்மேல் வெளிறிய மாவு. விரலால் தேய்த்தால் ஒட்டியது. கிரைண்டர் போட்டும் கான்கிரீட்டின் மேல் படிந்த பலவீனமான சிமெண்ட் பால் படலம் முழுசாகப் போகவில்லை, தூசியையும் உறிஞ்சி எடுக்கவில்லை.

எண் தாண்டிவிட்டதே என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம். கன்சல்டன்ட் அம்மா டாலியைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்தார், அதோடு முடிந்தது. அந்த பீமின் துணியை உரித்து, ஜல்லி தெரியும்வரை தேய்த்து, வேக்குவம் போட்டு மறுபடி ஒட்டினார்கள். மறுசோதனையில் கான்கிரீட்தான் உடைந்தது. சோதனை வட்டங்களை எபாக்ஸி புட்டியால் அடைத்து, மேலே தாராளமாக மேற்பொருத்தி ஒட்டுத்துண்டு போட்டோம். அவற்றையும், உள்ளே பொள்ளல் இல்லை என்று, நாணயத்தால் தட்டிக் காட்டச் சொன்னார் அந்த அம்மா.