டாங்கிள் உள்ளவரை எக்ஸ்பி

போன மாதம் என் அச்சகத்துக்குப் பிரிண்டர் பார்க்க வந்த சர்வீஸ் தம்பி, என் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பச்சைப் புல்மேடு, மேலே நீல வானம், கீழே இடது மூலையில் பச்சையாக ஸ்டார்ட். "அண்ணே, இன்னுமா எக்ஸ்பி வச்சிருக்கீங்க?" என்றான். நீ எந்த வருஷம் பிறந்தாய் என்று கேட்டேன். 2003 என்றான். விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். "உனக்கு மூத்ததுடா தம்பி, மரியாதையாப் பேசு" என்று சொல்லி டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினேன்.

அவன் சிரித்துக்கொண்டுதான் போனான். ஆனால் இதையே "உங்களுக்கெல்லாம் புதுசுன்னாலே பயம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்கள் உண்டு, என் மச்சான் உட்பட. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைகழுவியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. கல்லாவில் கியூஆர் கோடு ஒட்டிப் பல வருஷம் ஆகிறது, கல்யாணக் கார்டு மாடலெல்லாம் வாட்ஸாப்பில்தான் போகிறது, வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 8 வந்து ஸ்டார்ட் பட்டனையே காணாமல் அடித்தபோதும் ஒரு வாரம் புலம்பிவிட்டுப் பழகிக்கொண்டேன் (அடுத்த வருஷமே 8.1-ல் அவர்களே அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள், புலம்பியது நான் மட்டும் இல்லை போல). இந்த ஒரு பெட்டி மட்டும் மாறாமல் இருப்பதற்குக் காரணம் அதன் பின்பக்கம் இருக்கிறது.

பின்பக்கம் என்றால் நிஜமாகவே பின்பக்கம். அந்தக் காலத்தில் பிரிண்டர் கேபிள் மாட்டுவோமே, அந்த அகலமான பேரலல் போர்ட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டாங்கிள் செருகியிருக்கும். 2004-ல் காசு கொடுத்து வாங்கிய தமிழ் டைப்பிங் மென்பொருளின் பூட்டு அது. அது செருகியிருந்தால்தான் கீபோர்டில் தமிழ் வரும். அந்தப் பூட்டை விண்டோஸுக்கு அடையாளம் காட்டுகிற டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் வந்தது. இப்போது வருகிற 64 பிட் விண்டோஸ் பழைய 32 பிட் புரோகிராமை ஓட்டிவிடும், ஆனால் 32 பிட் டிரைவரை உள்ளே விடாது. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை. புது மதர்போர்டு வாங்கப் போனால் அதில் பேரலல் போர்ட்டையே காணோம். அந்த டாங்கிளின் ஸ்குரூவை நான் இருபது வருஷத்தில் இரண்டே முறைதான் கழற்றியிருக்கிறேன், இரண்டு முறையும் சாமி கும்பிட்டுவிட்டு.

அதற்கு மேல், பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7. அதுவும் 2001-தான். அதோடு பேஜ்மேக்கரின் கதை முடிந்து, அதே வேலைக்கான இன்டிசைன் பக்கம் அடோபி போய்விட்டது. நீயும் இன்டிசைனுக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு எங்கள் தமிழ் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாது. பாமினி மாதிரி ஒரு பழைய எழுத்துருவில் அம்மா என்று அடித்தால் திரையில் அம்மா என்றுதான் தெரியும். கம்ப்யூட்டரைக் கேட்டால் எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, எச் என்று சொல்லும். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டி நிறுத்தியிருக்கிறோம், எழுத்துருவை மாற்றினால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் இந்த வம்பே இல்லை, தமிழுக்கென்று தனி எண்களே உண்டு. அது எக்ஸ்பியிலேயே லதா எழுத்துருவோடு இருந்தது, கண்ட்ரோல் பேனலில் ஒரு டிக் போட்டு சிடியைச் செருகினால் வந்துவிடும். ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. இன்டிசைனிலும் இந்திய மொழிகளுக்கு முறையான ஏற்பாடு 2012-ல் சிஎஸ்6 பதிப்பு வந்தபோதுதான் வந்தது, அதற்கு முன்னால் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். ஆக, விண்டோஸுக்குள் யூனிகோடு தமிழ் வந்து பத்து வருஷத்துக்கு மேல் அச்சுத் தொழிலில் இருக்கிறவன் நினைத்தாலும் லேசில் மாறியிருக்க முடியாது. அதற்குள் என் ஹார்ட் டிஸ்க்கில் பழைய எழுத்துருவில் ஆயிரக்கணக்கில் கோப்பு சேர்ந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, அப்புறம் அதே வீட்டில் அடுத்த கல்யாணம்.

கன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையில் பெயர்களை மட்டும் மாற்றி, பத்தியை மொத்தமாகச் செலக்ட் பண்ணி யூனிகோடுக்கு மாற்றினேன். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எம்.பி.ஏ. என்று இருந்ததை மறந்துவிட்டேன். பாமினியில் பெரிய எம் என்றால் ஆ. கன்வெர்ட்டர் அதன் கடமையைச் செய்தது, மாப்பிள்ளை ஆ என்று ஆரம்பிக்கிற வாயில் நுழையாத ஒரு பட்டம் வாங்கியவராக ஆகிவிட்டார். ப்ரூஃப் பார்த்த பெண்ணின் தாய்மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "இது என்ன படிப்புங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதால் தப்பித்தேன். ஐந்நூறு கார்டு அச்சாகியிருந்தால் கைக்காசுதான்.

விரல் சமாச்சாரம் வேறு. கடையில் டைப் அடிக்கிற அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். அவர் கைக்கு 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. தமிழ்99 என்கிற கீபோர்டு முறையில் க அடித்து ஒ அடித்தால் போதும், கொம்பும் காலும் தானாக வந்து நிற்கும். கையசைவும் குறைவு, புதிதாகக் கற்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சரி என்று ஒரு வாரம் அக்காவையும் அதில் உட்காரவைத்தேன். ஒரு நாளைக்கு முப்பது பக்கம் அடிக்கிறவர் ஆறு பக்கத்தில் நின்றார். மூன்றாம் நாள் சாயங்காலம் கையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு எழுத்தே தெரியாத மாதிரி இருக்கு தம்பி" என்றார். மறுநாள் காலையில் அவருக்குப் பழையபடியே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லி, நான் செய்வதுதான் சரி என்று சாதிக்க வரவில்லை. 2017 மே மாதம், கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கிற வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, கைவிட்டு மூன்று வருஷம் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு பேட்ச் வெளியிட்டது. அப்போது அடிவாங்கியதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று பிறகு தெரிந்ததும் மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லிக்காட்டினேன், அல்ப சந்தோஷம். என் எக்ஸ்பிக்கு நெட் கேபிளே கிடையாது, பென்டிரைவ் மட்டும்தான் வாசல். அந்த வாசல் வழியாகவே ஃபோல்டரையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றுகிற வைரஸ் இரண்டு முறை வந்து தங்கிவிட்டுப் போயிருக்கிறது. சோம்பேறித்தனமும் கொஞ்சம் உண்டு. லாக்டவுன் நேரத்தில் கடை பூட்டிக்கிடந்தபோது உட்கார்ந்து எல்லாக் கோப்பையும் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

இப்போது இன்னொரு மேஜையிலும் அதே கதை ஆரம்பித்துவிட்டது. நெட்டுக்கும் இன்டிசைனுக்கும் வைத்திருக்கிற விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கெடு முடிந்தது. நல்ல மெஷின், எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி, ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசர். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்தி. இந்தத் தடவை நான் மாறத் தயார், மெஷினைத்தான் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப்புக்கு விட்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் சும்மாவே கிடைக்கும் என்றார்கள், செய்துவிட்டேன். அடுத்த அக்டோபரை அடுத்த அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பி பெட்டியில் மட்டும் போன வாரத்திலிருந்து ஒரு பிரச்சினை. சீமாஸ் பேட்டரி போய் தினம் காலையில் தேதி பின்னால் ஓடிவிடுகிறது, எஃப்1 அழுத்தினால்தான் மேலே போகிறது. பேட்டரி முப்பது ரூபாய், அது பிரச்சினை இல்லை. மதர்போர்டில் இரண்டு கெப்பாசிட்டர் மேல்பக்கம் உப்பியிருக்கிறது, போர்டு அதிக நாள் தாங்காது என்று அந்தத் தம்பி டார்ச் அடித்துக் காட்டினான். பேரலல் போர்ட்டோடு ஓடுகிற நிலையில் பழைய பென்டியம் 4 போர்டு யாரிடமாவது சும்மா கிடந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மதுரை என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.