முதலீட்டிற்கு முன் ஒரு வெப்பக் கருவியைச் சோதித்த அனுபவம்

சிங்கப்பூரில் உணவுத் தயாரிப்புத் தொழில் நடத்தும் நண்பர்கள் சிலர், கொதிகலன் செலவைக் குறைக்கும் எண்ணத்தில், நிக்கலும் ஹைட்ரஜனும் கொண்டு இயங்குவதாகக் கூறப்பட்ட ஒரு கருவியில் பல லட்சம் வெள்ளி முதலீடு செய்ய இருந்தார்கள். 1 கிலோவாட் மின்சாரம் கொடுத்தால் 3 கிலோவாட் வெப்பம் கிடைக்கும் என்பது தயாரிப்பாளரின் உறுதிமொழி. மின்பொறியாளன் என்ற முறையில் சோதனையை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இத்தகைய கருவிகளுக்கு முன்னோடியாக, 1989இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளெய்ஷ்மன், போன்ஸ் என்ற வேதியியலாளர்கள் அறிவித்த குளிர் அணுக்கரு இணைவையும் (சாதாரண வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் இணைந்து வெப்பம் தரும் என்ற கூற்று), கூகுள் நிதியளித்த ஆய்வுக் குழுக்கள் அதற்கான சான்று கிடைக்கவில்லை என்று 2019இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியதையும் நண்பர்களிடம் முதலிலேயே எடுத்துச் சொன்னேன். ஆயினும் பழைய தோல்வியைக் காட்டிப் புதிய கருவியை மறுப்பது நியாயமன்று. அளந்து பார்ப்பதே முறை.

தயாரிப்பாளர் காட்டிய செயல்விளக்கத்தில் குழாயிலிருந்து நீராவி பொங்கி வந்தது. என் ஐயம் அங்கேதான் தொடங்கியது. 30 பாகை செல்சியஸில் உள்ள ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும்; அதை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். குழாயில் வருவதில் பெரும்பகுதி வெந்நீராகவே இருக்க, அனைத்தும் ஆவி என்று கணக்கெழுதினால், வெப்பம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு வரை பெருகித் தெரியும். ஆகவே நீர் கொதிக்கவே கூடாது, நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் ஓடும் நீரின் வெப்பநிலை உயர்வை மட்டுமே அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினேன். அந்த ஓட்டத்தில் 1 கிலோவாட் என்றால் சுமார் 7 பாகையும், 3 கிலோவாட் என்றால் 21 பாகைக்குச் சற்று மேலும் உயர வேண்டும்.

கருவியைத் திறக்கக் கூடாது என்ற தயாரிப்பாளரின் நிபந்தனையை ஏற்றுக்கொண்டோம். அதற்கு ஈடாக, சிங்கப்பூர் அங்கீகார மன்றத்திடம் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்ற, சோதனை ஆய்வகங்களுக்கான அனைத்துலகத் தரநிலையின்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தன் மானிகளைக் கொண்டே அளக்கும் என்பதும், எந்த எண் வந்தால் வெற்றி என்பதும் முன்கூட்டியே எழுத்தில் கையொப்பமாயின. இந்த ஒப்பந்தத்திற்குத்தான் அதிகக் காலம் பிடித்தது. அது வீணான காலமன்று. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர் என்ற மின்னணுச் சாவி மின் அலைவடிவத்தை வெட்டி அனுப்பும்போது சாதாரண மானி மின்சாரத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால், சுவர் இணைப்பிலேயே மெய்த்திறனை, அதாவது உண்மையில் செலவாகும் மின்திறனை, அளந்தார்கள். உள்ளே மின்கலமோ எரிபொருளோ ஒளிந்திருந்தாலும் தீர்ந்துபோகும் அளவுக்கு, கருவியின் எடையைக் கொண்டு சோதனை நேரம் கணக்கிடப்பட்டது.

முதலில் அதே அமைப்பில் சாதாரண மின்சூடாக்கியை ஓட்டினோம். கணக்கிட்ட உயர்வே கிடைத்தது. பிறகு கருவியை இணைத்தோம். செலுத்திய மின்சாரத்திற்கு ஈடான வெப்பமே வந்தது. கூடுதலாக ஏதும், அளவைப் பிழையின் எல்லையைத் தாண்டி, தென்படவில்லை.

நண்பர்கள் ஆய்வகக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, முதலீட்டை மறுத்துக் கடிதம் எழுதினார்கள். மேம்படுத்திய கருவியைத் தயாரிப்பாளர் கொண்டுவந்தால் இதே விதிமுறைகளின்படி மீண்டும் சோதிக்கத் தயார் என்ற வரியை, என் வேண்டுகோளின்படி, அதில் சேர்த்தார்கள்.