நிலைக்கதவு

சட்டம் படித்த காலத்தில் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 366 ஆம் பிரிவைப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒருவரின் உடைமையில் இருக்கும் அசையும் ஆதனத்தை, அதாவது அசையும் சொத்தை, அவரது சம்மதமின்றி, நேர்மையீனமாக எடுக்கும் எண்ணத்தோடு அசைத்தாலே அது களவு. கொண்டு ஓடவேண்டியதில்லை. அதன் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது: நிலத்தோடு பொருந்தியிருக்கும்வரை ஒரு பொருள் களவுக்கு உரியதல்ல, நிலத்திலிருந்து பிரிந்த உடனே உரியதாகிவிடும். எனக்கு அப்போது வேலிக்கு நடும் கதியால் தடிதான் ஞாபகம் வந்தது. வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

யாழ்ப்பாணத்தில் தொழில் தொடங்கியபோது, வந்தவர்கள் எல்லாவற்றையும் களவு என்றே சொன்னார்கள். சீட்டுப் பிடித்தவர் காசோடு போய்விட்டால் களவு, அயலவரிடம் வைத்த நகை திரும்பி வராவிட்டாலும் களவு. நம்பிக் கொடுத்த பொருளைப் பிறகு மனம் மாறித் தனதாக்கினால் 388 ஆம் பிரிவின் நம்பிக்கை மோசடி. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் 398 இன் ஏமாற்றுதல். கெட்ட எண்ணம் எப்போது பிறந்தது என்பதைத் தேடுவதிலேயே பாதி நாள் போகும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

2017 இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு ஒரு அம்மா வந்தார். 1990 இல் இடம்பெயர்ந்தவர்.

"வீடு கிடக்குது பிள்ளை. நிலையைக் காணேல்லை."

கூட்டிப்போய்க் காட்டினார். கூரை இல்லை. முன்வாசல் இருந்த இடத்தில், சுவரை இருபக்கமும் உளியால் கொத்தி, கதவு பூட்டும் மரச்சட்டமான நிலையைக் கழற்றியிருந்தார்கள். அவசரத்தில் உடைத்த மாதிரித் தெரியவில்லை. கல் உதிராமல், மரத்துக்குச் சேதம் வராமல், நேரமெடுத்துச் செய்த வேலை. அந்த வெட்டைத் தொட்டபோதுதான் நான் கடந்துபோன விளக்கம் எனக்கு விளங்கியது. நல்ல நேரம் பார்த்து, கீழே பொன் வைத்து நிறுத்திய நிலை, சுவரைவிட்டுக் கழன்ற கணத்தில் 'அசையும் ஆதனம்' ஆகியிருக்கிறது.

அதன்பிறகுதான் சிக்கல். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவின்படி, கொலை, இராசத்துரோகம் போன்றவை தவிர்ந்த குற்றங்களுக்கு 20 வருடம் கடந்தால் வழக்குத் தொடரமுடியாது. அந்த 20 வருடம் குற்றம் நடந்த நாளிலிருந்து ஓடுகிறது, உரிமையாளர் அறிந்த நாளிலிருந்து அல்ல. 1991 இல் கழற்றியிருந்தால் 2011 இலேயே முடிந்துவிட்டது. அப்போது அந்த அம்மாவுக்குத் தன் வாசலை எட்டிப் பார்க்கவும் வழியில்லை.

காணிக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. ஆயுதக்குழுக்களின் நடவடிக்கைகளால் வழக்காட முடியாமற் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, பிறர் காணியை நெடுங்காலம் ஆண்டு உரிமையாக்கும் ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 இல் விசேட ஏற்பாடு வந்தது. அது அசையா ஆதனத்துக்கே உரியது. சுவரோடு நின்றிருந்தால் வீட்டின் பகுதியாக இருந்திருக்கும் நிலை, கழற்றப்பட்டதால் அந்த இரக்கத்துக்கும் வெளியே போய்விட்டது. இதை நான் அநியாயம் என்றே நினைக்கிறேன். வீட்டுக்குப் போக விடாத காலத்தை, அந்த வீட்டில் நடந்த களவுக்கும் கழிக்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி, பெரிய பலன் வராது என்றேன்.

"ஆரையும் மறியலுக்கு அனுப்ப வரேல்லைப் பிள்ளை. களவு போட்டுதெண்டு ஒரு கடுதாசியில இருக்கட்டும்."

முறைப்பாட்டை நானே எழுதினேன். பாலை மரத்தில் இழைத்த நிலைக்கதவு ஒன்று. குற்றம் நடந்த திகதி என்ற இடத்தில் நெடுநேரம் பேனை நின்றது. '1990 ஜூனுக்கும் 2017 ஜூலைக்கும் இடைப்பட்ட ஒரு நாள்' என்று எழுதினேன். கடைசிப் பத்து வருடத்துக்குள் கழற்றியிருக்கவும் கூடும். அந்த வாசலை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

வாசித்துக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நிலைக்குக் கீழ வைச்ச பொன்னையும் எழுதுங்கோ" என்றார்.