மோட்டார் மெக்கானிக் பிராக்டிகல்: இன்ஜெக்டர் வந்தால் முதலில் வாஷரைத் தேடுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஐடிஐக்களில் மோட்டார் வாகன மெக்கானிக் டிரேடு படித்து, அடுத்த பிராக்டிகலுக்குப் போகப் போகும் தம்பி தங்கைகளுக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். தியரிக்கு பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இருக்கும் கேள்வி வங்கியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள், போதும். வயிற்றைக் கலக்குவது பிராக்டிகல்தான்.

எனக்கு வந்தது, ஸ்டாண்டில் நிற்கும் சிஆர்டிஐ (காமன் ரயில்) டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர்களை, அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்களை, கழற்றி, பார்த்து, திரும்ப மாட்டும் வேலை. இதைக் கேட்டதும் பாதிப் பேர் ஸ்பேனரைத் தேடி ஓடுகிறார்கள். ஸ்பேனர் அப்புறம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரயிலில் அழுத்தம் இறங்க மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் இன்ஜெக்டர் குழியைச் சுத்தம் செய்யுங்கள். பிரஷ், பிறகு ஏர். இன்ஜெக்டர் நுனியில் இருக்கும் நாசிலின் துளை 0.1 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒரு தூசி உள்ளே போனால் அந்த இன்ஜெக்டர் காலி. சாயங்காலங்களில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் மேலூர் ரோட்டில். அங்கே வரும் வண்டிகளில் இன்ஜெக்டரைச் சுற்றி கிரானைட் தூசி டீசலோடு குழைந்து அப்பியிருக்கும். அதை எடுக்காமல் நட்டில் கை வைத்தால் அந்தப் பட்டறை அண்ணன் வேலையை நிறுத்திவிடுவார். நான் மெதுவாக வேலை செய்கிற ஆள். வேகமாகச் செய்கிறவர்களுக்கு இது இழுவையாகத் தெரியலாம், ஆனால் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கவனித்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

கழற்றும்போது:

– எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டர் என்று மார்க் பண்ணுங்கள்.
– இன்ஜெக்டர் தலையில் இருக்கும் குறியீட்டு எண்ணை எழுதி வையுங்கள். இடம் மாறினாலோ புதுசு போட்டாலோ ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில்) அதை ஏற்ற வேண்டும்.
– கனெக்டர், ரிட்டர்ன் லைன் கிளிப் இரண்டும் பிளாஸ்டிக். நெம்பாதீர்கள்.
– பைப் நட்டைத் திருப்பும்போது இன்ஜெக்டர் பக்கம் இன்னொரு ஸ்பேனர் போட்டுப் பிடியுங்கள்.
– திறந்த வாய் எல்லாவற்றுக்கும் உடனே மூடி.
– இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், பிறகு புல்லர். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மார்க் போகும், சிலிண்டர் ஹெட்டும் போகும்.

இப்போது முக்கியமான விஷயம். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். இன்ஜெக்டர் கையில் வந்ததும் அதன் மூக்கைப் பாருங்கள். காப்பர் வாஷர் இருக்கிறதா? இல்லையென்றால் அது ஹெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டார்ச் அடித்தாலும் சட்டென்று தெரியாது, ஏனென்றால் கரி பூசி குழியின் அடித்தளம் மாதிரியே இருக்கும். கம்பி முனையால் லேசாகச் சுரண்டினால் செம்பு நிறத்தில் ஒரு கீற்று மின்னும். காந்தக் குச்சியை விட்டுத் துழாவாதீர்கள், காப்பர் காந்தத்தில் ஒட்டாது. முனை வளைத்த கம்பியில் கிரீஸ் தடவி, ஓரத்தில் மாட்டி மெதுவாகத் தூக்க வேண்டும். உதிரும் கரி சிலிண்டருக்குள் விழாமல் அந்த கிரீஸ் பிடித்துக்கொள்ளும்.

பழசு உள்ளே கிடக்க, அதன் மேல் புது வாஷரோடு இன்ஜெக்டரை இறக்கினால் நாசில் ஒரு வாஷர் தடிமன் உயரத்தில் உட்காரும். ஸ்பிரே பிஸ்டனில் தப்பான இடத்தில் அடிக்கும், புகை வரும். சீட்டிங்கும் சரியாக இருக்காது. கம்ப்ரஷன் கசிந்து ‘சிக் சிக்’ என்று சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில் இன்ஜெக்டரைச் சுற்றிக் கருப்பாக, தார் மாதிரி கரி கட்டிவிடும். எக்ஸ்டர்னல் என்னிடம், “தம்பி, எத்தனை வாஷர் வெளியே எடுத்த?” என்றுதான் முதலில் கேட்டார். டிரேயில் நான்கையும் வரிசையாக வைத்திருந்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அடுத்த கேள்வி, இந்த இன்ஜெக்டரைக் கை பம்ப் டெஸ்டரில் போட்டு ஓபனிங் பிரஷர் (அது திறக்கும் அழுத்தம்) பார்க்கலாமா என்பது. பார்க்க முடியாது. பழைய மெக்கானிக்கல் இன்ஜெக்டர் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திறப்பது. அதற்குத்தான் அந்த டெஸ்டர். சிஆர்டிஐ இன்ஜெக்டர் கரண்ட் சிக்னலில் திறப்பது, அதற்குத் தனி டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். பழைய வகையைக் கொடுத்தால் ஸ்பிரே, ஓபனிங் பிரஷர், சொட்டு மூன்றும் பாருங்கள். ஓபனிங் பிரஷருக்குச் சற்றுக் கீழே 10 விநாடி நிறுத்தினால் நுனியில் சொட்டு கட்டக் கூடாது. ஸ்பிரேயில் விரலை நீட்டவே நீட்டாதீர்கள், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும், ஆனால் ஆபரேஷன் வரை கொண்டு போய்விடும்.

மாட்டும்போது சீட்டை, அதாவது இன்ஜெக்டர் உட்காரும் இடத்தை, துடைத்து, புது வாஷர் ஒன்று, ஒன்றே ஒன்று. பைப் நட்டை முதலில் கையால் பிடிக்க வையுங்கள், பிறகு கிளாம்ப் போல்ட், கடைசியில் பைப் நட். டார்க் (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற) அளவை மேனுவலைப் பார்த்துச் சொல்லுங்கள், மனசில் இருந்து அடித்துவிடாதீர்கள். சில கம்பெனிகள் ஹை பிரஷர் பைப்பையும் ஒவ்வொரு முறை புதுசாக மாற்றச் சொல்கின்றன, அதையும் சொல்லுங்கள். லீக் பார்க்க அட்டைத் துண்டு, கை கூடாது.

போகும்போது நீங்களே எடுத்துப் போங்கள்: நூல் பிரியாத பழைய வேட்டித் துணி, சின்ன டார்ச், மார்க்கர், கிரீஸ் கொஞ்சம், வளைத்த கம்பி. நான் போன சென்டரில் துணி என்று கொடுத்தது காட்டன் வேஸ்ட். அதன் பிசிறு ஒன்று பைப்பில் போனாலும் போச்சு.