தை முதல் சித்திரை வரை கறி மட்டும்

"கறி மட்டும் சாப்பிட்டா சுகர் இறங்கிருமாமே, நீங்க இருந்தீங்களாமே, எப்படிக்கா இருந்துச்சு?" இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. எங்கள் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். நின்றபடி சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதிலும் ஆபத்தான பாதிதான் விட்டுப்போகிறது, அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியது. கெட்ட கொழுப்பு மோசமாக ஏறியது. கறியால்தான் சர்க்கரை இறங்கியது என்று இப்போது நான் நினைக்கவில்லை, அது ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

எனக்கு வயது 46, ஊர் திருமங்கலம் பக்கம். சர்க்கரை வந்து சில வருஷமாகிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் போட்டுக்கொண்டே ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 8.4 சதவீதத்தில் நின்றது. எங்கள் பக்கத்துச் சாப்பாடு எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை இல்லாவிட்டால் பரோட்டா. கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் தட்டில் முக்கால்வாசி சோறுதான், கறி ஓரமாக இருக்கும். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்று 2023ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு வந்தபோது எங்கள் தெருவில் யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

பேலியோ என்ற பெயரில் அரிசியை விட்டு இளைத்தவர்களை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பாதாம், வெண்ணெய், பனீர், காய் எல்லாம் அவர்கள் கணக்கில் உண்டு. நான் இருந்தது அதற்கும் ஒரு படி மேலே. கறி, மீன், முட்டை, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். காய் இல்லை, பருப்பு இல்லை, பால் ஊற்றிய டீ இல்லை, வெங்காயம்கூட இல்லை. மாவுச்சத்து என்று ஒன்று உள்ளே போகவே கூடாது என்கிற முறை.

தொடங்கும் முன்னால் டாக்டரம்மாவிடம் போனேன். அவருக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. "நான் செய்யச் சொல்ல மாட்டேன். செஞ்சே தீருவேன்னா என் கண்ணு முன்னாடி செய்யுங்க" என்றார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் போகிறதா என்கிற பரிசோதனை, யூரிக் ஆசிட், கொழுப்பு, இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சரி என்றார். கிளிமிபிரைடைத் தொடங்குகிற அன்றைக்கே பாதியாகக் குறைத்தார், கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். இந்த இடத்தைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிற மாத்திரை. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையைப் பழையபடி போட்டால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் மயங்கி விழ வேண்டியதுதான். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அதே ஆபத்து. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளில் இருப்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி வரும். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலமாகிவிடும், குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை கிட்டத்தட்ட சாதாரணமாகத்தான் காட்டும், வாந்தியும் மூச்சு வாங்குவதும்தான் அடையாளம். யாரோ சொன்னார்கள் என்று வீட்டிலேயே தொடங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பொங்கல் முடிந்து தொடங்கினேன். கறிக்கடை பாயிடம் கொழுப்பு சேர்த்துப் போடுங்கள் என்றதும் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் கொழுப்பை எடுத்துருங்கம்பாங்க, நீங்க என்னக்கா கொழுப்பைக் கேக்குறீக?" அப்புறம் பழகிவிட்டது, எனக்கென்று தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

கொழுப்பை ஏன் கேட்டேன் என்றால், இந்த உணவின் சூட்சுமமே அதுதான். வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்று ஒரு ஆர்க்டிக் பயணி, எஸ்கிமோ மக்களோடு வருஷக்கணக்கில் இருந்து அவர்கள் சாப்பாட்டையே சாப்பிட்டவர். அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை என்று 1928ல் அவரும் ஆண்டர்சன் என்கிற இன்னொருவரும் நியூயார்க்கில் பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்கள் கண்காணிப்பில் ஒரு வருஷம் கறி மட்டும் சாப்பிட்டார்கள். முதலில் கொழுப்பே இல்லாத கறியை மட்டும் கொடுத்துப் பார்த்ததில் ஸ்டெஃபான்சனுக்கு சில நாளிலேயே வயிற்றுப்போக்கு, உடம்பு முடியாமல் போய்விட்டது. கொழுப்பைச் சேர்த்ததும் சரியானது. அவர்களுடைய சாப்பாட்டில் முக்கால் பங்கு சக்தி கொழுப்பிலிருந்துதான் வந்தது, கறி என்று பெயர் மட்டும்தான். ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை எல்லாம் சாப்பிட்டார்கள். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வரவில்லை, சிறுநீரகம் கெடவில்லை என்று 1930ல் எழுதினார்கள். ஆனால் மொத்தமே இரண்டு பேர். அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் கறி வியாபாரிகளின் சங்கம். இந்த ஆய்வை எடுத்துக்காட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

என்னைப் பார்த்து என் கொழுந்தனும் தொடங்கினார். ஜிம்முக்குப் போகிற ஆள், தோலுரித்த பிராய்லர் நெஞ்சுக்கறியைத் தவிர வேறு தொடவில்லை. கிலோ கணக்கில் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார், அசதி, வயிற்றுப்போக்கு வேறு. புரதத்தைச் சக்தியாக மாற்ற ஈரலுக்கு ஒரு அளவு உண்டு, அதைத் தாண்டிக் கொடுத்தால் உடம்பு தாங்காது. குளிர் நாட்டில் முயல் கறியை மட்டுமே தின்று நலிந்துபோனவர்களைப் பற்றிப் படித்திருந்தேன், அதைச் சொன்னேன். தோலோடு கோழி, முட்டையில் மஞ்சள் கரு, சாளை மீன் என்று மாறியதும் தேறினார்.

சமைத்தது எப்படி என்று கேட்கிறவர்கள் நிறைய. எங்கள் உப்புக்கறியில் சின்ன வெங்காயத்தையும் வரமிளகாயையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சமோ அதுதான். கொழுப்பை விரல் நுனி அளவுக்கு நறுக்கி, எண்ணெய் ஊற்றாமல் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வைக்க வேண்டும். மெதுவாக உருகி, துண்டுகள் சுருங்கிப் பொன்னிறமாகும். அப்போது கறியைப் போட்டு, உப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்து மூடிவிட வேண்டும். தண்ணீர் வற்றியதும் கறி தன் கொழுப்பிலேயே சடசடவென்று வறுபட ஆரம்பிக்கும், சத்தம் மாறுவதை வைத்தே பதம் தெரிந்துவிடும். மிளகுத்தூள் மட்டும் தூவிக்கொண்டேன், அதையும் கூடாது என்கிற கடும் ஆட்கள் உண்டு. வாரம் ஒரு நாள் ஈரல், சில நாள் சுவரொட்டி, குடல், தலைக்கறி. ஈரலை தினமும் தின்னக் கூடாது, வைட்டமின் ஏ மிதமிஞ்சிவிடும்.

முதல் வாரம் சிரமம். எடை மளமளவென்று இறங்கும், அது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, தன் எடையைப்போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போய்விடும். இன்சுலின் குறைந்ததும் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளும். தலைவலி, எழுந்தால் கிறுகிறுப்பு, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்தது. நெஞ்செலும்பு சூப்பில் உப்பைத் தாராளமாகப் போட்டுக் குடித்ததும் அடங்கியது. எனக்கு ரத்த அழுத்தம் இல்லாததால் டாக்டரம்மா அதற்கு ஒத்துக்கொண்டார், அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. வயிறு முதலில் இளகிப் போனது, பிறகு நாள் விட்டு நாள் என்றானது. வாயில் ஒரு மாதிரி வாடை இருந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. பசி என்கிற தொந்தரவே போய்விட்டது. பதினோரு மணிக்கு வடைக்கு அலைகிற மனசு அடங்கிவிட்டது. இரண்டு வேளை போதும் என்றானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 260, 280 என்று காட்டிய மீட்டர் 130ஐத் தாண்டவில்லை. விடிகாலையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் தானாகச் சர்க்கரையைத் தயாரித்துக் கொடுக்கும் என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டில் நடந்த வாதம் தனி. அத்தை, "இம்புட்டுக் கறி தின்னா சூடு ஏறி மூலம் வந்துரும்" என்றார். சித்தப்பா கிட்னி போய்விடும் என்றார். நான் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வரையில், நல்ல சிறுநீரகத்தைப் புரதம் கெடுக்கும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஏற்கெனவே பழுதானால் கட்டாயம் குறைக்க வேண்டும். சர்க்கரைக்காரர்களில் பலருக்கு அந்தப் பழுது வெளியே தெரியாமல் இருக்கும், அதனால் சித்தப்பாவின் பயத்தை நான் ஒதுக்கவில்லை. இன்னொரு பக்கம், கறியே எல்லாவற்றுக்கும் மருந்து என்கிற கூட்டம். நார்ச்சத்து ஏமாற்று, கொலஸ்ட்ரால் பரிசோதனை மருந்துக் கம்பெனி சதி என்பார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் இதை நம்பி நெஞ்சுவலிக்காரர்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள். 2021ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இப்படிச் சாப்பிடும் 2,029 பேரிடம் விசாரித்து எழுதியிருந்தார்கள். பெரும்பாலோர் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், எடை குறைந்தது, சர்க்கரை மருந்து குறைந்தது. ஆனால் ஒத்துவராமல் விட்டுப்போனவர்கள் அந்தக் கணக்கில் எப்படி வருவார்கள்? அத்தனையும் அவரவர் வாயால் சொன்னது. அதிலேயே எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பின் நடு அளவு 172 என்று இருந்தது.

மாசியில் குலசாமி கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. கிடா வெட்டு. இலையில் சோறு வாங்காமல் கறி மட்டும் வாங்கினால் பெரியவர்கள் முகம் சுருங்கிவிடும். குழம்பில் தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைத்து ஊற்றியிருப்பார்கள், அதையும் தொட முடியாது. சமையல்காரரிடம் முன்னாலேயே சொல்லி, மசாலா சேர்ப்பதற்கு முன் வேக வைத்த கறியை எடுத்து வைக்கச் சொன்னேன். சாமி சோறு என்று ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டேன், அதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆளுக்கு தினமும் அரைக் கிலோவாவது வேண்டும். ஆட்டுக்கறி விற்கிற விலையில் அதை எந்தச் சாதாரண வீடும் தாங்காது. முட்டை, சாளை, குடல், தலைக்கறி இவற்றை வைத்துத்தான் ஓட்டினேன், அப்படியும் மளிகைச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. சர்க்கரைக்கு இதுதான் வழி என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் கூலி வேலைக்காரர் வீட்டை நினைத்துப் பார்ப்பதில்லை.

பங்குனிக் கடைசியில் பரிசோதனை. மூன்று மாதச் சராசரி 6.3. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 240லிருந்து 105. கிரியேட்டினின் மாறவில்லை. எல்.டி.எல். 121லிருந்து 198. டாக்டரம்மா தாளை மேஜையில் வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் வட்டமிட்டார். சர்க்கரைக்காரருக்கு 100க்குக் கீழே இருக்க வேண்டியது 198ல் நிற்கிறது, இன்னொரு பக்கம் என்ன நல்லது நடந்தாலும் இதை விட முடியாது என்றார்.

அதே நேரத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறியது. கொடியேறினால் அழகர் மலைக்குத் திரும்பும் வரை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டையும் கிடையாது. அதை நான் மீற நினைக்கவே இல்லை. ஆனால் சோற்றுக்கும் போகவில்லை. பனீர், தயிர், கீரை, தேங்காய், வெண்டைக்காய், சுரைக்காய், கைப்பிடி நிலக்கடலை என்று இருந்தேன். தினமும் மீட்டரில் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு 125, 135, 128. கறி மட்டும் தின்றபோது இருந்த அதே எண்கள்! அழகர் ஆற்றில் இறங்கின அன்றைக்கும் அதேதான். துளி கறி இல்லாமல் சர்க்கரை அப்படியே நின்றதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. வேலை செய்தது இட்லியும் சோறும் பரோட்டாவும் உள்ளே போகாததுதான். அதற்காகக் கீரையையும் வெண்டைக்காயையும் ஒதுக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

திருவிழா முடிந்து கறிக்குத் திரும்பினேன், ஆனால் கறி மட்டும் என்பதற்கு இல்லை. மீன் வாரத்தில் மூன்று நாள், ஆட்டுக்கறி ஒரு நாள், கொழுப்பைத் தனியாகக் கேட்பதில்லை. இரண்டு வேளை காய், மதியம் மட்டும் சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி சோறு. கெட்ட கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிவிட்டேன், மெட்ஃபார்மின் தொடர்கிறது. ஆடியில் எடுத்த பரிசோதனையில் சராசரி 6.5, எல்.டி.எல். 117. இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. ஐப்பசியில் மறுபடி எடுக்க வேண்டும்.